துப்பாக்கி உரிமைக்காக ஊரை இழந்தவர்: ராபர்ட் வில்லியம்ஸ்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மன்றோ என்றொரு சிறு நகரம். 1950களில் அங்கே ஒரு பொது நீச்சல் குளம் இருந்தது. மத்திய அரசின் பணத்தில், அதாவது கறுப்பின மக்கள் கட்டிய வரியும் சேர்ந்த பணத்தில் கட்டப்பட்ட குளம். ஆனால் அதில் வெள்ளையர் மட்டுமே இறங்கலாம். கறுப்பினப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஓடைகளிலும் நீர் தேங்கிய பள்ளங்களிலும் குளிக்கப் போனார்கள். சிலர் மூழ்கி இறந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடுங்கள் என்று கேட்டபோது அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் குளித்த பிறகு ஒவ்வொரு முறையும் குளத்து நீரை மாற்ற வேண்டும், அதற்குச் செலவாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தண்ணீர்த் தொட்டியும் ஊர்க் கிணறும் யாருக்கு என்ற சண்டையைப் பார்த்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இந்தக் காரணத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோரிக்கையை எழுப்பியவர் ராபர்ட் வில்லியம்ஸ். குளத்துக்காகக் குரல் கொடுத்தவர், சில மாதங்களில் தன் மக்களின் உயிரைக் காக்கத் துப்பாக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் துப்பாக்கி சட்டப்படி அவர் வைத்திருக்கக் கூடியதே. ஆனால் அந்த உரிமையைக் கறுப்பினத்தவர் ஒருவர் பயன்படுத்தியதற்காக அவர் வேலையை இழந்தார், இயக்கத்தில் பதவியை இழந்தார், கடைசியில் நாட்டையே இழந்தார்.

பாட்டி கொடுத்த துப்பாக்கி

வில்லியம்ஸ் 1925 பிப்ரவரி 26 அன்று மன்றோவில் பிறந்தார். தந்தை ரயில்வே தொழிலாளி. பாட்டி எல்லன் அடிமையாகப் பிறந்தவர். தாத்தா சைக்ஸ் வில்லியம்ஸ் அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அரசியலில் இறங்கியவர், பத்திரிகை நடத்தியவர். அவர் தற்காப்புக்காக வைத்திருந்த பழைய துப்பாக்கியைப் பாட்டி, தான் இறப்பதற்கு முன் பேரனிடம் ஒப்படைத்தார்.

அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அது சொல்கிறது. ஆனால் அடிமைகளுக்கு அந்த உரிமை கிடையாது. அடிமை முறை ஒழிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். உரிமம் தருவதும் மறுப்பதும் வெள்ளை அதிகாரிகளின் கையில். 1868-இல் பதினான்காவது திருத்தம் வந்து எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று எழுதியது. ஆனால் தென் மாநிலங்களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பல் இரவில் முகமூடி போட்டுக்கொண்டு கறுப்பினத்தவர் வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கிகளைப் பறித்தது. நிராயுதபாணிகளாக்கிய பிறகு அடித்தது, எரித்தது, மரத்தில் தொங்கவிட்டது.

வில்லியம்ஸ் பதினோரு வயதில் கண்ட ஒரு காட்சி அவர் மனதை விட்டு அகலவேயில்லை. மன்றோ தெருவில் வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவர் கறுப்பினப் பெண்ணை அடித்துச் சாய்த்துத் தரையோடு இழுத்துச் சென்றார். சுற்றி நின்ற கறுப்பின ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு அங்கிருந்து விலகிப் போனார்கள். அடித்தவரின் கொடுமையோடு, தன் இனத்து ஆண்களின் அந்தக் குனிந்த தலையும் சிறுவனின் நெஞ்சில் தங்கிவிட்டது.

இளைஞரானதும் வேலை தேடி டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை செய்தார். 1943-இல் அங்கே நடந்த இனக் கலவரத்தை நேரில் கண்டார். பிறகு ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கேயும் கறுப்பினப் படைப்பிரிவு வேறு, வெள்ளையர் பிரிவு வேறு. நாட்டுக்காகத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அரசு, ஊர் திரும்பியதும் பேருந்து நிலையத்தில் தனி வாசல் வழியாகப் போகச் சொன்னது. 1947-இல் மேபல் ராபின்சனை மணந்தார். கணவரின் போராட்டத்தில் கடைசி வரை சமபங்கு எடுத்துக்கொண்டவர் மேபல். அவர்களுக்கு இரண்டு மகன்கள்.

அதே 1947-இல் மன்றோவில் ஒரு சம்பவம் நடந்தது. போருக்குப் போய்த் திரும்பிய கறுப்பின இளைஞர் ஒருவர் தன் வெள்ளை முதலாளியைக் கொன்ற வழக்கில் மரண தண்டனைக்கு உள்ளானார். தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகும் கிளான் கும்பலின் வெறி அடங்கவில்லை. பிணத்தையும் கைப்பற்றித் தெருவில் இழுத்துச் செல்லப்போவதாக மிரட்டியது. பிணத்தை வைத்திருந்த இடத்தைச் சுற்றிப் போர் வீரர்களாக இருந்து திரும்பிய கறுப்பின ஆண்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வில்லியம்ஸும் அவர்களில் ஒருவர். வந்த கும்பல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. துப்பாக்கி வெடிக்கவில்லை. உடல் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது.

ஆறு பேரில் தொடங்கிய சங்கம்

சிறிது காலம் மரைன் படையிலும் இருந்துவிட்டு 1955-இல் மன்றோவுக்குத் திரும்பினார் வில்லியம்ஸ். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்தார். அச்சத்தால் உறுப்பினர்கள் விலகி, ஆறே பேர் மிஞ்சியிருந்த கிளை அது. கலைத்துவிடலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. தலைமையை அவர் ஏற்றார். மற்ற ஊர்களில் சங்கம் ஆசிரியர்களையும் வசதியுள்ளவர்களையும் தேடிச் சேர்த்தது. வில்லியம்ஸ் கூலித் தொழிலாளிகளையும் விவசாயிகளையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் போர் முனையிலிருந்து திரும்பியவர்களையும் சேர்த்தார். டாக்டர் ஆல்பர்ட் பெர்ரி துணைத் தலைவரானார்.

முதலில் நூலகம், பிறகு நீச்சல் குளம் என்று கேட்கத் தொடங்கியதும் கிளான் கும்பல் திரண்டது. கூட்டங்கள் போட்டது. கறுப்பினத்தவர் குடியிருப்பு வழியாக வண்டி வண்டியாக ஊர்வலம் போய் வீடுகளை நோக்கிச் சுட்டது. போலீஸ் வண்டியும் அந்த ஊர்வலத்தோடு போனது. பாதுகாப்புக் கேட்டு மாநில ஆளுநருக்கும் நாட்டின் அதிபருக்கும் எழுதிப் பார்த்தார்கள். பலனில்லை.

அப்போது வில்லியம்ஸ் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார். தேசிய ரைஃபிள் சங்கத்துக்கு விண்ணப்பித்து, மன்றோவில் ஒரு துப்பாக்கி சுடும் கழகம் தொடங்க முறையான அனுமதி பெற்றார். சுமார் 60 பேர் அதில் சேர்ந்தார்கள். துப்பாக்கிகளைக் கையாளப் பயிற்சி எடுத்தார்கள். பெண்களும் கற்றுக்கொண்டார்கள்.

1957 அக்டோபர் 5 இரவு கிளான் ஊர்வலம் டாக்டர் பெர்ரியின் வீட்டைத் தாக்க வந்தது. வீட்டைச் சுற்றி மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. வந்தவர்கள் சுட்டார்கள். உள்ளிருந்தவர்கள் கட்டுப்பாட்டோடு திருப்பிச் சுட்டார்கள். யாரும் சாகவில்லை. வண்டிகள் சிதறி ஓடின. அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அத்தனை மாதங்கள் மனுக் கொடுத்தும் அசையாத நகர்மன்றம், உடனே அவசரமாகக் கூடி கிளான் வாகன ஊர்வலத்துக்குத் தடை விதித்தது. வில்லியம்ஸின் துப்பாக்கி சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. உறங்கிக்கொண்டிருந்த சட்டத்தை எழுப்பியது.

விலை தொடங்கியது

ஆனால் பழிவாங்கல் வேறு வழியில் வந்தது. சில நாட்களில் டாக்டர் பெர்ரி, வெள்ளைப் பெண் ஒருவருக்குக் கருக்கலைப்புச் செய்ததாகக் கைது செய்யப்பட்டார். அவர் மறுத்தார். ஆனாலும் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். நேரடியாகத் தாக்க முடியாதவரை வழக்கில் மாட்டிவிடும் முறை நமக்கும் புதிதல்ல.

1958 அக்டோபரில் பத்து வயதுகூட நிரம்பாத இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் கைதானார்கள். விளையாட்டின்போது வெள்ளைச் சிறுமி ஒருத்தி கன்னத்தில் முத்தமிட்டதுதான் வழக்கு. பெற்றோரைப் பார்க்க விடாமல் அடைத்து வைத்து, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். தேசியச் சங்கத்தின் தலைமை இந்த வழக்கைத் தொடத் தயங்கியது. வில்லியம்ஸ் விடவில்லை. செய்தியை ஐரோப்பா வரை கொண்டு போனார். பல நாடுகளில் கண்டனம் எழுந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு, 1959 பிப்ரவரியில் சிறுவர்கள் விடுதலையானார்கள்.

அதே ஆண்டு மே மாதம் மன்றோ நீதிமன்றத்தில், கர்ப்பிணியான கறுப்பினப் பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் விடுதலையானார். பாதிக்கப்பட்ட பெண்ணின் உறவினர்கள் முன்பே பழிவாங்கப் புறப்பட்டவர்கள். நீதிமன்றம் இருக்கிறது, பொறுத்திருங்கள் என்று தடுத்து வைத்தவர் வில்லியம்ஸ். தீர்ப்பு வந்ததும் அங்கிருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத நிலையில், நீதிமன்றப் படியிலேயே செய்தியாளர்களிடம் கோபமாகப் பேசினார். சட்டம் காப்பாற்றாவிட்டால் வன்முறையை வன்முறையால்தான் சந்திக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். மறுநாள் அது நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. தான் சொன்னது தற்காப்பைத்தான், வலியச் சென்று தாக்குவதை அல்ல என்று விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சங்கத்தின் தேசியச் செயலாளர் ராய் வில்கின்ஸ் அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார். நியூயார்க்கில் கூடிய மாநாடு அதை உறுதி செய்தது. அதே மாநாடு, சட்டவிரோதத் தாக்குதலுக்கு எதிராகத் தனியாகவும் கூட்டாகவும் தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றுத் தீர்மானமும் போட்டது. கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள், அதைச் சொன்னவரை ஒதுக்கி வைத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் வில்லியம்ஸை எழுத்தில் விமர்சித்தார். வீட்டைக் காக்கத் துப்பாக்கி எடுப்பதை கிங் குறை சொல்லவில்லை. இயக்கத்தின் வழியாக ஆயுதம் மாறக் கூடாது என்றார். 1956-இல் தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு கிங்கே துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், உள்ளூர் அதிகாரி மறுத்துவிட்டார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உரிமை ஏட்டில் இருந்தாலும், அதைத் தரும் கை யாருடையது என்பதே கேள்வி.

இதற்கிடையே வில்லியம்ஸுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. மிரட்டல் தொலைபேசிகள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. கணவனும் மனைவியும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். அந்த நிலையிலும் 'குருசேடர்' என்ற செய்திமடலைச் சொந்தமாக நடத்தினார்கள்.

ஊரை விட்ட இரவு

1961 ஆகஸ்டில் அறவழிப் போராட்ட இளைஞர்கள் மன்றோவுக்கு வந்தார்கள். தங்கள் வழியில் போராடிக் காட்டுகிறோம் என்றார்கள். வில்லியம்ஸ் அவர்களுக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நின்றார். ஆகஸ்ட் 27 ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்தின் முன் மறியல் செய்த அவர்களை ஆயிரக்கணக்கில் திரண்ட வெள்ளைக் கும்பல் தாக்கியது. அடிபட்டவர்களையே போலீஸ் சிறையில் அடைத்தது. செய்தி கேட்டுக் கறுப்பினக் குடியிருப்பு கொதித்துப் போயிருந்தது. மாலையில் ஒரு வெள்ளைத் தம்பதி அந்தத் தெருவுக்குள் காரை ஓட்டி வந்தார்கள். கோபத்தில் இருந்த கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது. வில்லியம்ஸ் குறுக்கே வந்து அந்த இருவரையும் தன் வீட்டுக்குள் இருக்கவிட்டார். சில மணி நேரம் கழித்து அவர்கள் கீறல் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

அதுவே வழக்கானது. ஆள் கடத்தல் குற்றச்சாட்டு. வில்லியம்ஸைப் பிடித்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. மேபலையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினார். எஃப்.பி.ஐ. நாடெங்கும் தேடுதல் அறிவிப்பு ஒட்டியது. ஆயுதம் வைத்திருக்கும் ஆபத்தானவர், மனநோயாளி என்று அதில் எழுதியது. நியூயார்க், கனடா வழியாகக் குடும்பம் கியூபா போய்ச் சேர்ந்தது. அவரோடு வழக்கில் சேர்க்கப்பட்ட மே மல்லோரி என்ற பெண் போராளி ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தார். ஜூரியில் கறுப்பினத்தவர் விலக்கப்பட்டதைக் காட்டி அந்தத் தண்டனை 1965-இல் ரத்தானது.

கியூபாவில் இருந்து மேபலுடன் சேர்ந்து 'ரேடியோ ஃப்ரீ டிக்சி' என்ற வானொலி நிகழ்ச்சியை நடத்தினார். 1962-இல் வெளிவந்த அவருடைய நூல், மன்றோவின் கதையையும் ஆயுதம் தாங்கிய தற்காப்பையும் விளக்கியது. ஆனால் அடைக்கலம் தந்த இடத்திலும் முரண்பாடு வந்தது. வர்க்கப் போராட்டம் போதும், இனப் பிரச்சினை தானாகத் தீரும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. 1960களின் நடுவில் குடும்பம் சீனாவுக்குப் போனது. மாவோ அவரைச் சந்தித்தார். மதிப்பு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அந்நிய மொழிகளில் படித்து வளர்ந்தார்கள்.

1969-இல் வில்லியம்ஸ் அமெரிக்கா திரும்பினார். மிச்சிகன் மாநிலத்தில் இருந்துகொண்டு வழக்கை எதிர்த்தார். 1975 கடைசியில் வட கரோலினாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 1976 ஜனவரியில் அரசு வழக்கைக் கைவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதற்காக அவர் வாழ்வில் 14 ஆண்டுகள் போய்விட்டன. 1996 அக்டோபர் 15 அன்று புற்றுநோயால் இறந்தார். உடல் மன்றோவுக்கே கொண்டுவரப்பட்டது. பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்து அறவழிப் போராட்டத்தின் அடையாளமாக ஆன ரோசா பார்க்ஸ் இறுதிச் சடங்குக்கு வந்து வில்லியம்ஸின் துணிச்சலைப் போற்றிப் பேசினார்.

நமக்கு என்ன?

வில்லியம்ஸின் நூலைப் படித்தவர்களில் ஒருவர் ஹூவி நியூட்டன். அவரும் பாபி சீலும் 1966-இல் கலிஃபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். சட்டப்படி வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி, போலீஸ் நடவடிக்கைகளைக் கண்காணித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம், பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏந்துவதைத் தடை செய்து சட்டம் போட்டது. கறுப்பினத்தவர் கைக்கு வந்ததும் உரிமை குற்றமானது. அந்தச் சிறுத்தைகளின் பெயரில் 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் பிறந்தது. பின்னர் அந்த அலை மதுரைக்கும் வந்தது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. தேவையென்று கருதினால், அங்கே பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்று கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க அவர்களுக்கு உரிமம் தரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதே அச்சத்தைத் தீர்மானிக்கிறது என்பதை நம் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி தேடிப் போக வேண்டியதில்லை. வில்லியம்ஸும் மனுவில்தான் தொடங்கினார். ஆளுநருக்கு எழுதினார், அதிபருக்கு எழுதினார், நீதிமன்றத்துக்காகக் காத்திருந்தார். எல்லாக் கதவும் மூடிய பிறகே மணல் மூட்டை அடுக்கினார். நம் மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் வன்கொடுமை நடக்கக்கூடியவை என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன, அங்கே மூன்றாவது விதியின்படி என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மாணவர் மனுப் போடலாம். பத்து ரூபாய் கட்டணம்தான். சட்டத்தை எழுப்பும் வேலையை மணல் மூட்டை வரை போகாமலே தொடங்க முடியும்.